தாளுக்கு வெளியே ஒரு பச்சை

மஞ்சக்குப்பத்தில் மாடி அலுவலகம்.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுற்றினால்தான்
கணினிக்கு மூச்சு வரும்.
தாழங்குடாவின் நாலு கிணற்று உப்புக் கணக்கு
ஒரே படத்தில் வேண்டும் என்றார் குலோத்துங்கன் சார்.
திங்கட்கிழமை கலெக்டர் கூட்டம்.

முதல் கிணற்றை வரையச் சொன்னேன்.
வரைந்தது, கறுப்பில்.
அதன் மேலேயே இரண்டாவதைச் சேர், சிவப்பில்.
மூன்றாவதைச் சேர், நீலத்தில்.
நான்காவதைச் சேர், பச்சையில்.
ஆயிற்று என்பதுபோல்
கட்டளைக் குறி மறுபடி வந்து கண் சிமிட்டியது.
பிழை என்று ஒரு சொல் இல்லை.
பச்சையும் இல்லை.

ஓரத்துக் கட்டத்தில் மட்டும்
‘கிணறு 4’ என்று பெயர்,
பக்கத்தில் நகத்தளவு பச்சைக் கோடு.
ரேஷன் அட்டையில் பேர் இருந்து
வீட்டில் ஆள் இல்லாத மாதிரி.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும்.
கோப்பைத் திறந்தால் எண்கள் பத்திரமாக இருக்கின்றன,
அறுபது வாரம்,
சகாயராணி பள்ளி நோட்டில் எழுதித் தந்தவை.
அக்டோபரில் இரண்டு வாரம் மட்டும்
எண் எழுத வேண்டிய இடத்தில்
‘மகளுக்குப் பிரசவம், ஜிப்மர் போய்விட்டேன்’
என்று எழுதியிருந்தாள்.
மென்பொருளுக்கு அது செரிக்கவில்லை.
‘இல்லை’ என்ற குறியாக மாற்றிக் கொடுத்தேன்.
அதனாலா?
இரண்டு வாரத்துக்காக அறுபது வாரமா மறையும்?

டீ ஆறிய பிறகு பிடிபட்டது.

முதலில் வந்த கிணறு
தன் உயரத்துக்குத் தாளை வெட்டிக்கொள்கிறது.
ஆயிரத்து ஐந்நூறு போதும் அதற்கு.
பின்னால் வருகிறவை அதற்குள் அடங்க வேண்டும்.
அடங்காததை அது விரட்டுவதில்லை,
திட்டுவதில்லை,
வரையத்தான் செய்கிறது
தாளுக்கு வெளியே,
யார் மேசைக்கும் எட்டாத உயரத்தில்.

எல்லையை இந்த முறை நான் சொன்னேன்:
பூஜ்யம் முதல் ஒன்பதாயிரம்.

பச்சை வந்தது.
உச்சியில், தனியாக,
சித்திரையில் ஏறி, ஐப்பசியில் அறுந்து,
திரும்பப் பிடித்துக்கொண்டு.
மற்ற மூன்றும் அடியில் ஒட்டி
ஒரே நூலாகிவிட்டன.

சார் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
“வலது பக்கம் இன்னொரு அச்சு போடும்மா.
பச்சைக்கு மட்டும் தனி அளவு.
எல்லாம் ஒண்ணா உட்கார்ந்துடும்.”
போட்டேன்.
உட்கார்ந்தது.
நாலு பேரும் ஒரே பந்தியில்,
ஒருத்தி இலையில் மட்டும் ஆறு மடங்கு உப்பு,
அதையும் வலது ஓரத்தில்
எறும்பு எழுத்தில் சொல்லியாயிற்று,
சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மடக்கை அளவிலும் ஒரு தடவை பார்த்தேன்.
அதில் நாலும் அண்டை வீடுகள்.
கணக்கில் குற்றமில்லை.
நாக்கு மடக்கை படித்ததில்லை, அவ்வளவுதான்.

வலது அச்சை அழித்தேன்.
சார் ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.
அது சம்மதமா என்று நான் கேட்கவில்லை.

அச்சுப்பொறியில் கறுப்பு மை மட்டும்.
பச்சை, சிவப்பு, நீலம்
எல்லாம் ஒரே சாம்பலாக வந்து விழுந்தன.
கீழே இறங்கி, ஜெராக்ஸ் கடையில்
பத்து ரூபாய்க்கு ஒரு பச்சை ஸ்கெட்ச் பேனா.
நாற்பது பிரதி.
ஒவ்வொன்றிலும் மேல் கோட்டின் மீது
கை நடுங்காமல் போய்,
ஐப்பசியில் பேனாவைத் தூக்கி,
இரண்டு வாரம் தாண்டி ஊன்றினேன்.

பதினேழாவது தாளில்
ஞாபகமில்லாமல் சேர்த்துப் போட்டுவிட்டேன்.
கிழித்துவிட்டு வேறு எடுத்தேன்.

பெண்ணா பையனா என்று
நோட்டில் இல்லை.